முனகாத மாடிப்படி

ஆஸ்திரியாவின் ஆல்ப்ஸ் மலைப்பகுதியில் ஹால்ஸ்டாட் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்குள்ள பழைய உப்புச் சுரங்கத்துக்குள் 2002ஆம் ஆண்டு ஆராய்ச்சியாளர்கள் ஒரு மரப்படிக்கட்டைக் கண்டெடுத்தார்கள். ஆண்டு வளையங்களை ஒப்பிட்டுப் பார்த்ததில், அதற்கான மரங்கள் கி.மு. 1344இலும் 1343இலும் வெட்டப்பட்டவை என்று தெரிந்தது. எட்டு மீட்டர் நீளம், ஒரு மீட்டருக்குச் சற்று மேல் அகலம். இருபுறமும் உள்ள கட்டைகளில் காடி எடுத்து, படிகளை அதற்குள் செருகியிருக்கிறார்கள். இரும்பு ஆணி ஒன்றுகூட இல்லை. அங்கே இரும்பு புழக்கத்துக்கு வராத காலம் அது. மரமும் தேக்கோ கருங்காலியோ இல்லை. ஸ்ப்ரூஸ், ஃபிர் என்னும் ஊசியிலை மரங்கள். நம் ஊர் ஆசாரி கையில் எடுத்துப் பார்த்தால் பெட்டி அடிக்கத்தான் ஆகும் என்று ஒதுக்கிவிடக்கூடியவை. அவை 3,300 ஆண்டுகள் தாங்கியதற்கு, உப்பு பூஞ்சையை அண்டவிடாதது ஒரு காரணம். சுரங்கத்துக்குள் குளிரும் ஈரமும் ஆண்டு முழுவதும் அதிகம் மாறாமல் இருந்தது இன்னொரு காரணம். நம் வீடுகளிலோ விலை உயர்ந்த தேக்கில் செய்த மாடிப்படிகூட சில ஆண்டுகளிலேயே முனகத் தொடங்குகிறது. மரம் சரியில்லை, காலம் ஆகிவிட்டது என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். சத்தம் வயதால் வருவதில்லை, அசைவால் வருகிறது. அந்த அசைவே படியைத் தேய்த்து, தளர்த்தி, கடைசியில் உடைக்கவும் செய்கிறது. ஆகவே ஓசையில்லாத படியும் நெடுநாள் உழைக்கும் படியும் ஒரே வேலைப்பாட்டிலிருந்து பிறப்பவை என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

இரண்டு மரப்பரப்புகள் இறுக ஒட்டிக்கொண்டு நகராமல் இருந்தால் சத்தம் இல்லை. ஒன்றையொன்று தொடாமல் விலகி இருந்தாலும் சத்தம் இல்லை. தொட்டுக்கொண்டும் இருந்து, கொஞ்சம் நகரவும் இடம் இருந்தால்தான் கிரீச்சொலி எழும். காலை வைத்ததும் பலகை வளைகிறது. அதன் விளிம்பு பக்கத்துப் பலகைமேல் வழுக்கப் பார்க்கிறது. நின்ற பொருளை நகர்த்தத் தேவையான உராய்வு விசை, நகர்ந்துகொண்டிருக்கும் பொருளுக்குத் தேவையானதைவிட அதிகம். அதனால் விளிம்பு முதலில் பிடித்துக்கொள்கிறது, அழுத்தம் ஏறியதும் சட்டென்று வழுக்குகிறது, மறுபடி பிடித்துக்கொள்கிறது. ஒரு நொடிக்குள் இது நூற்றுக்கணக்கான முறை நடக்கிறது. வயலின் வில் கம்பியைப் பற்றிப் பற்றி விடுவதும் இதே இயற்பியல்தான். வயலினுக்கு அதன் உடல் எப்படியோ, படிக்கு அந்த அகலமான பலகை அப்படி: சிறு உரசலைப் பெரிய ஓசையாக்கி அறை முழுவதும் பரப்புகிறது. ஆகவே முனகும் படியைப் பார்த்துக் கேட்கவேண்டிய கேள்விகள் இரண்டு. அந்த இடைவெளி எப்படி வந்தது? பலகை ஏன் அவ்வளவு வளைகிறது?

இடைவெளிக்கு மூலகாரணம் தண்ணீர். வெட்டிய மரம் வீட்டுக்குள் வந்து பல ஆண்டுகள் ஆன பிறகும் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவதையும் வெளிவிடுவதையும் நிறுத்துவதில்லை. காற்றின் ஈரப்பதம் 80 சதவீதமாக நீடித்தால் மரத்தின் உலர்ந்த எடையில் ஏறக்குறைய 16 சதவீதம் தண்ணீர் இருக்கும். 50 சதவீதமாகக் குறைந்தால் அது 9 சதவீதத்தை நெருங்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஊறிய வீடும், சித்திரையில் குளிர்சாதனம் இரவுபகலாக ஓடும் வீடும் மரத்துக்கு இரண்டு வேறு தேசங்கள். நார் ஓடும் நீளவாக்கில் மரம் சுருங்குவது கணக்கில் கொள்ளத் தேவையில்லாத அளவு. அகலவாக்கில்தான் சிக்கல். தேக்கு பச்சையிலிருந்து முற்றிலும் உலரும்போது, ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் 5.8 சதவீதமும் வளையத்துக்குக் குறுக்கான திசையில் 2.5 சதவீதமும் சுருங்குகிறது. மரங்களுள் இது மிகக் குறைவான சுருக்கம். தேக்கின் பெருமைக்கு இதுவும் ஒரு காரணம். ஆனாலும் 275 மி.மீ. அகலமுள்ள மிதிபலகையில் ஈரம் 5 சதவீதம் குறைந்தால், சாதாரணமாக அறுத்த பலகை இரண்டரை மி.மீ.க்கு மேல் ஒடுங்கிவிடும். அதே மரத்தை வளையங்கள் பலகையின் முகத்துக்குச் செங்குத்தாக நிற்கும்படி அறுத்தால், ஒடுக்கம் ஒரு மி.மீ. சொச்சம்தான். மரம் ஒன்றுதான். அறுக்கும் திசை மாறினாலே அசைவு பாதிக்குக் கீழே போகிறது. மரக்கடையில் பலகையின் முனையைத் திருப்பி வளையங்களின் போக்கைப் பார்த்து வாங்குகிறவர்கள் எத்தனை பேர்?

இந்தச் சுருக்கமும் விரிவும் ஆண்டுதோறும் நடக்கும்போது முதலில் தோற்பது ஆணிதான். வழவழப்பான ஆணி மரத்தைப் பிடித்திருப்பது உராய்வால் மட்டும். ஈரமான பலகையில் அடித்து, அது பிறகு உலர்ந்தால், அல்லது பலகை பலமுறை நனைந்து காய்ந்தால், ஆணி தன் பிடிமானத்தில் பெரும்பகுதியை இழந்துவிடும். தளர்ந்த ஆணி, துளைக்குள் மேலும் கீழும் உரசும் ஓர் ஊசியாகிறது. இதற்குப் புகழ்பெற்ற சாட்சி ஜப்பானில் கியோட்டோ நகரத்து நிஜோ கோட்டை. 1603இல் டோகுகவா இயயாசு கட்டிய அந்தக் கோட்டை அரண்மனையின் தாழ்வாரத் தரையில் நடந்தால் பறவை பாடுவதுபோலக் கீச்சொலி எழும். திருடனையும் கொலைகாரனையும் காட்டிக்கொடுக்கவே அப்படி அமைத்தார்கள் என்ற கதை உலகமெங்கும் பரவியிருக்கிறது. அந்த நோக்கம் உண்மையோ இல்லையோ, ஒலியின் மூலம் தெளிவானது: பலகைக்கு அடியிலுள்ள இரும்புக் கவ்விகளும் அவற்றைப் பிடித்த ஆணிகளும் மிதிக்கும்போது ஒன்றோடொன்று உரசுகின்றன. சத்தம் போடும் தரை வேண்டுமானால் ஆணி நல்ல கருவி. படி முனகுகிறது என்றதும் சுத்தியலை எடுத்து இன்னும் நான்கு ஆணி அடிப்பவர், உரசுவதற்கு இன்னும் நான்கு இடங்களைச் சேர்க்கிறார். திருகாணியின் மரை மரநாரைக் கவ்வி இரண்டு பலகைகளையும் ஒன்றை நோக்கி ஒன்று இழுக்கிறது. ஆணியால் அது முடியாது.

இங்கே ஒரு மறுப்பு எழும். பலகையைக் கனமாகப் போட்டுவிட்டால் வளையவே வளையாதே, அப்போது இந்த நுணுக்கமெல்லாம் எதற்கு? கேள்வியில் நியாயம் உண்டு. வளைவு, கனத்தின் மூன்றாம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் குறையும். 900 மி.மீ. நீளமும் 275 மி.மீ. அகலமும் உள்ள தேக்குப் பலகை இரு முனைகளில் மட்டும் தாங்கப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நடுவில் 80 கிலோ எடையுள்ள ஒருவர் நின்றால், 25 மி.மீ. கனப் பலகை ஏறக்குறைய 3 மி.மீ. தொய்யும், 38 மி.மீ. கனப் பலகை ஒரு மி.மீ.க்கும் குறைவாகத் தொய்யும். இறங்கி வரும்போது கால் இறக்கும் விசை உடல் எடையையே தாண்டிவிடும் என்பதால், நடைமுறையில் தொய்வு இன்னும் அதிகம். ஆனால் இந்தக் கணக்கில் ஓர் உறுப்பை விட்டுவிட்டோம்: இரண்டு மிதிபலகைகளுக்கு நடுவே செங்குத்தாக நின்று முகப்பை மூடும் பலகை. பலரும் அதைத் தூசி விழாமல் மறைக்கும் திரை என்றே நினைக்கிறார்கள். 18 மி.மீ. கனமும் 180 மி.மீ. உயரமும் உள்ள அந்த மெல்லிய பலகை, நிமிர்ந்து நிற்பதால், படுத்திருக்கும் 25 மி.மீ. மிதிபலகையைவிட 24 மடங்கு விறைப்பானது. ஆகவே அது ஒரு விட்டம். அதன் மேல்விளிம்பு மிதிபலகையின் முன்பகுதியோடு இறுகச் சேர்ந்து, கீழ்விளிம்பு கீழ்ப்படியின் பின்விளிம்போடு இறுகச் சேர்ந்தால், 25 மி.மீ. பலகையும் கல்போல நிற்கும். சேராமல் சிறு இடைவெளி விட்டால், 38 மி.மீ. பலகையும் முனகும். கனமான பலகைக்கு இன்னொரு விலையும் உண்டு. கனம் இரண்டு மடங்கானால் உலரும் காலம் இரண்டு மடங்கையும் தாண்டிப் போகும். அவசரமாகக் கட்டும் வீட்டில் மேலே காய்ந்து உள்ளே ஈரமாக இருக்கும் கனப்பலகைதான் வந்து சேரும். முகப்புப் பலகையே இல்லாமல் காற்றோட்டமாக அமைக்கும் இன்றைய நாகரிகப் படிகளில் மட்டும் கனம் தவிர்க்க முடியாதது. அங்கே அந்தச் செலவைச் செய்தே ஆகவேண்டும்.

அப்படியானால் நல்ல பொருத்து எது? பழைய தச்சர்கள் கண்டுபிடித்த விடையை இதுவரை யாரும் மிஞ்சவில்லை. பக்கப் பலகைகளில் அரை அங்குல ஆழத்துக்குக் காடி எடுக்கவேண்டும்; அந்தக் காடி, படி உட்காரும் அளவாக இல்லாமல், படியின் பின்பக்கம் போகப் போக அகலமாக இருக்கவேண்டும். மிதிபலகையும் முகப்புப் பலகையும் அதற்குள் உட்கார்ந்ததும் அடிப்பக்கத்திலிருந்தும் பின்பக்கத்திலிருந்தும் பசை தடவிய மர ஆப்புகளை அடித்து இறுக்கவேண்டும். ஆப்பின் சரிவு, சுத்தியலின் சிறு அடியைப் பெரும் அழுத்தமாக மாற்றி, பலகையைக் காடியின் மேல்முகத்தோடு சேர்த்து அமுக்குகிறது. காடியை எவ்வளவு கச்சிதமாக வெட்டினாலும் மயிரிழை வித்தியாசம் இருக்கும். ஆப்பு அந்த வித்தியாசத்தைத் தானே ஈடுசெய்கிறது. முகப்புப் பலகையின் மேல்விளிம்பில் நாக்கு எடுத்து மிதிபலகையின் அடியிலுள்ள காடியில் நுழைக்கவேண்டும். கீழ்விளிம்பைப் பின்னாலிருந்து திருகாணி போட்டு மிதிபலகையின் முதுகோடு இழுத்துப் பிடிக்கவேண்டும். இரண்டும் சேரும் உள்மூலையில் படிக்கு மூன்று முக்கோணக் கட்டைகளைப் பசையிட்டு ஒட்டவேண்டும். கட்டி முடித்த பிறகு இவற்றில் எதுவும் கண்ணில் படாது என்பதுதான் சோகம். பார்ப்பவர் பாராட்டுவது கைப்பிடியின் கடைசலையும் பாலிஷையும்.

மரம் மூச்சுவிட வேண்டும், பசையிட்டுப் பூட்டினால் வெடித்துவிடும் என்று அனுபவசாலிகள் எச்சரிப்பதுண்டு. எச்சரிக்கை சரி, ஆனால் அது எல்லா இடத்துக்கும் பொருந்தாது. மிதிபலகை, முகப்புப் பலகை, மூலைக்கட்டை மூன்றிலும் நார் ஒரே திசையில், படியின் நீளவாக்கில் ஓடுகிறது. சேரும் இடத்தில் அவை சேர்ந்தே சுருங்கிச் சேர்ந்தே விரிவதால் பசைக்குச் சேதம் இல்லை. நார்கள் குறுக்கே சந்திக்கும் இடத்தில்தான் அபாயம். படியின் ஓரத்தில் அழகுக்காக வைக்கும் பட்டி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பட்டி நீளவாக்கில் மாறாது. அதை ஒட்டிய மிதிபலகையோ அகலத்தில் ஒடுங்கப் பார்க்கும். முழு நீளத்துக்கும் பசை தடவினால் ஒரு கோடையிலேயே மிதிபலகை பிளக்கும். முன்னால் இரண்டு அங்குலம் மட்டும் ஒட்டி, மீதியை நகரவிட்டால் பிளக்காது.

முனகல் வேறு, காலடி அதிர்வு வேறு என்பதையும் பிரித்துச் சொல்லவேண்டும். ஒரு பொருத்துகூடத் தளராத படியிலும் குழந்தைகள் ஓடினால் 'தடதட' என்று கேட்கும். இது உரசலால் வருவதில்லை. அடியின் அதிர்வு பக்கப் பலகை வழியாகச் சுவருக்கும், படிக்கு அடியிலுள்ள வெற்றிடத்துக்கும் பரவுவதால் வருவது. பக்கப் பலகைக்கும் சுவருக்கும் இடையில் ரப்பர் அல்லது கம்பளித் துணிப்பட்டை வைப்பதும், அடியில் அலமாரியாக மூடிய பெட்டி இருந்தால் அதன் கூரையில் கனிமப் பஞ்சு நிரப்புவதும், மிதிக்கும் இடத்தில் கம்பளம் விரிப்பதும் இதைக் குறைக்கும். கம்பளம் விரித்து முனகலை நிறுத்த முயல்பவர்கள் ஏமாறுவது இந்த வித்தியாசம் தெரியாததால்தான்.

ஏற்கெனவே முனகும் படியைச் சீர்செய்யும் வேலையில் முக்கால் பங்கு நோயறிவதுதான். ஒருவர் மெல்ல ஏற, இன்னொருவர் அடியில் காது கொடுத்துக் கேட்கவேண்டும். ஒவ்வொரு படியிலும் முன்விளிம்பு, பின்விளிம்பு, இரண்டு முனைகள் என்று தனித்தனியாக எடையை வைத்துப் பார்க்கவேண்டும். முன்விளிம்பில் சத்தம் என்றால் முகப்புப் பலகையின் தலை விலகியிருக்கிறது. பின்விளிம்பில் என்றால் அடுத்த முகப்புப் பலகையின் கால். முனையில் என்றால் ஆப்பு தளர்ந்திருக்கிறது. காலை எடுக்கும்போது 'டக்' என்று தட்டினால், அமுங்கிய பலகை தளர்ந்த ஆணியில் மீண்டும் மேலெழுகிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். அடிப்பக்கம் திறந்திருந்தால் வீட்டுக்காரருக்கு அதிர்ஷ்டம். தளர்ந்த ஆப்பைக் கழற்றி, பழைய பசையையும் தூசியையும் சுரண்டி, அதே வகை மரத்தில் புதிய ஆப்பைப் பசையோடு அடிக்கலாம். விழுந்துபோன மூலைக்கட்டைகளை மீண்டும் ஒட்டலாம். பின்னாலிருந்து திருகாணி போடலாம். அடிப்பக்கம் பூசி மூடப்பட்டிருந்தால் மேலிருந்துதான் செய்யவேண்டும்: ஒருவர் படியில் நின்று இடைவெளியை மூட, முகப்புப் பலகையின் நெற்றிக்குள் இறங்கும்படி துளையிட்டுத் திருகாணி போட்டு, அதன் தலையை அதே மரத்துக் குச்சியால் அடைத்து இழைத்துவிடலாம். பசையில் கவனம் தேவை. தச்சர்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் வெள்ளைப் பசை, இறுக அழுத்திய மெல்லிய கோட்டில்தான் வலுவானது. இடைவெளியை நிரப்பும் ஆற்றல் அதற்கு இல்லை. நிரப்பவேண்டிய இடத்தில் எபாக்சி வேண்டும், அல்லது மெல்லிய மரச்சீவல் வைத்து ஒட்டவேண்டும். கோடையின் உச்சத்தில் சீவலை இறுக்கி அடித்துவிட்டால், மழைக்காலத்தில் பலகை உப்பும்போது அதுவே நெம்புகோலாகிப் பொருத்தைப் பிளக்கும். கையால் தள்ளினால் நுழையும் அளவு போதும்.

மாவும் மெழுகும் எண்ணெயும் இட்டால் சத்தம் நின்றுவிடுகிறதே என்பார்கள். நிற்கும். டால்கம் பவுடரும் கிராஃபைட் தூளும் உராய்வைக் குறைப்பதால், பற்றி வழுக்கும் ஆட்டம் சில வாரங்களுக்கு ஓய்ந்திருக்கும். அசைவு மட்டும் அப்படியே தொடரும். எண்ணெய் இன்னும் மோசம். அது ஊறிய மரத்தில் பிற்பாடு எந்தப் பசையும் ஒட்டாது, நாளைய பழுதுபார்ப்பையும் கெடுத்துவிடும். பழைய படிகளின்மேல் 20 மி.மீ. புதுப் பலகை பொருத்திப் புதுப்பிப்பதிலும் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. நடுவிலுள்ள படிகள் எல்லாம் சேர்ந்து உயர்வதால் அவற்றின் உயரம் மாறாது. ஆனால் முதல் படி 20 மி.மீ. கூடும், மேல்தளத்தில் கால் வைக்கும் கடைசி ஏற்றம் 20 மி.மீ. குறையும். கால் இரண்டு மூன்று படிகளிலேயே உயரத்தை மனப்பாடம் செய்துவிடுகிறது, அதற்குப் பிறகு கண் பார்ப்பதில்லை. அமெரிக்கக் குடியிருப்புக் கட்டட விதி, ஒரே ஏற்றத்திலுள்ள படிகளுக்குள் ஒன்பதரை மி.மீ.க்கு மேல் வித்தியாசத்தை அனுமதிப்பதில்லை. இந்திய தேசியக் கட்டட விதிமுறைப்படி வீடுகளில் படியின் உயரம் 190 மி.மீ.க்கு மிகாமலும் மிதிக்கும் அகலம் 250 மி.மீ.க்குக் குறையாமலும் இருக்கவேண்டும். முனகலைத் தீர்க்கப்போய் வயதானவர் தடுக்கி விழும் படியைச் செய்துவிடக்கூடாது. அடியிலுள்ள தளர்ந்த பொருத்தைச் சரிசெய்யாமல் மேலே புதுப்பலகை போட்டால் பழைய முனகலும் கூடவே இருக்கும்.

சத்தத்தைப் பொறுத்துக்கொண்டு இருந்துவிட்டால் என்ன நட்டம் என்று கேட்கலாம். முனகும் இடைவெளிதான் வீடு துடைக்கும் தண்ணீர் இறங்கும் வழி. மரத்தின் முனைவெட்டு, அதன் பக்கமுகத்தைவிடப் பலமடங்கு வேகமாக நீரை உறிஞ்சும்; ஈரம் நிரந்தரமாக 20 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சைக்கு வாழ வழி கிடைக்கும். கறையானும் ஈரத்தைத் தேடித்தான் வரும். தரையில் நேரே ஊன்றிய பக்கப் பலகையின் கால்தான் எந்தப் படியிலும் முதலில் அழியும் இடம். அதை ஒரு கல்லின்மேல் உட்காரவைத்து, முனையைப் பாலிஷால் நன்றாக அடைத்துவிட்டால் பல ஆண்டுகள் கூடும். தேக்கின் புகழெல்லாம் அதன் வைரத்துக்கு மட்டுமே உரியது. கறையானை விரட்டும் டெக்டோகுவினோன் போன்ற பொருள்கள் வைரத்தில்தான் சேர்கின்றன. சுற்றியுள்ள வெளிறிய பகுதி எந்த மட்ட மரத்தையும்போல உளுத்துப்போகும். இளம் தோட்டத் தேக்கில் அந்த வெளிறிய பகுதியே அதிகம். அப்படிப்பட்ட தேக்கைவிட, நன்றாக உலர்ந்த வைரம் பாய்ந்த வேங்கை மேல்.

கான்கிரீட்டில் கட்டினால் இந்தத் தொல்லை எதுவும் இல்லையே என்பது கடைசி மறுப்பு. புது வீட்டின் முதன்மைப் படிக்கு அது நியாயமான தேர்வுதான். ஆனால் பழைய வீட்டில் மேல் அறை சேர்ப்பவருக்கும், உள்ளே சிறு பரண் அமைப்பவருக்கும், பாரம்பரிய வீட்டைக் காப்பாற்ற நினைப்பவருக்கும் மரம் தேவைப்படுகிறது. ஒரு கன மீட்டர் தேக்கு ஏறக்குறைய 650 கிலோ. அதே அளவு கம்பி கட்டிய கான்கிரீட் 2,500 கிலோ. எந்தப் பழைய சுவரும் இந்த வேறுபாட்டை உணரும். ஆகவே மரப்படி செய்யப்போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மரத்தின் பெயரைக் கேட்பதற்கு முன் அதன் ஈரத்தைக் கேளுங்கள். இரண்டு ஊசிகளைக் குத்தி ஈரத்தைக் காட்டும் கருவி சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. பலகையின் மேற்பரப்பில் மட்டும் பார்க்காமல், முனையை ஒரு துண்டு அறுத்துவிட்டு உள்ளேயும் குத்திப் பாருங்கள். இந்தியத் தர நிர்ணயத்தின் 287ஆம் எண் விதி, நாட்டை நான்கு ஈரப்பத மண்டலங்களாகப் பிரித்து எந்த ஊரில் எந்த வேலைக்கு மரம் எவ்வளவு உலர்ந்திருக்கவேண்டும் என்று சொல்கிறது. உங்கள் ஊரின் அளவை அதில் பார்த்துக்கொள்ளுங்கள். அதைவிட ஈரம் அதிகம் என்றால், பலகைகளுக்கு இடையே ரீப்பர் வைத்து, படி வரப்போகும் அதே வீட்டுக்குள் சில வாரங்கள் அடுக்கி வையுங்கள். ஆசாரி ஆப்பு செதுக்கவும் காடி எடுக்கவும் கூடுதலாக நாலு நாள் கூலி கேட்டால் பேரம் பேசாமல் கொடுங்கள். பலகையின் கனத்தைக் கூட்டச் செலவழிக்கும் பணத்தைவிட அந்தக் கூலிதான் படிக்கு ஆயுள் தரும்.